சீட்டுக் கொப்பியைத் திறந்து வைப்போம்

இரண்டு மாரிகளுக்கு முன்னர் நாம் வாழும் ஸ்காபரோத் தொடர்மாடிக் கட்டடத்தில் ஒரு சீட்டு முறிந்தது. ஆளுக்கு மாதம் 500 டொலர் வீதம் இருபது பேர் கட்டிய சீட்டு அது. பதின்மூன்று மாதங்கள் ஒரு குறையுமின்றி நடந்தது. பதினான்காம் மாதம் எடுக்கவேண்டியவர் தாச்சியின் கதவைத் தட்டியபோது கதவு திறக்கப்படவில்லை, ரெலிபோனும் எடுபடவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு அவர் வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார் என்ற செய்தி மூன்றாம் நாளே எமக்கு எட்டியது. இன்னும் சீட்டு எடுக்காதவர்களாக ஏழு பேர் எஞ்சியிருந்தோம். அந்த எழுவரில் நானும் ஒருத்தி. என் கணக்கின்படி நான் கட்டியிருந்தது 5,640 டொலர்.

எழுவரும் ஒருவர் வீட்டில் கூடினோம். தேநீர் வந்தது. காசைப்பற்றிப் பேசியதை விட, இதனை யாருக்குச் சொல்லக்கூடாது என்பதுபற்றியே அதிகம் பேசினோம். "ரீச்சர், இதை வெளியில கதைக்காதேங்கோ. பிறகு எங்கடை ஆக்களுக்குத்தான் வெக்கம்" என்றார் மூத்த அக்கா ஒருவர். இரவு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசை இழந்தவர் அவர். வெட்கப்படவேண்டியவரும் தாமே என அவர் எண்ணினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். இன்று அதனைப் பிழையென்று கருதுவதனாலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சீட்டைப் பழிப்பது என் நோக்கமன்று. இந்நாட்டிற்கு ஏதிலிகளாக வந்திறங்கிய காலத்தில் எம்மில் பலரிடம் வங்கிக்குக் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. முகவரி மாறிக்கொண்டிருந்தது. வேலை பகுதிநேரம். கடன் வரலாறு என்று ஒன்று உண்டென்பதே பலருக்குத் தெரியாது. அக்காலத்தில் தம்பியை எடுப்பிக்க ஏஜென்சிக்குக் கட்டிய காசும், முதற் காருக்குக் கொடுத்த காசும், பலசரக்குக் கடையொன்றின் முதல் மாத வாடகையும், பின்னாளில் வீட்டுக்கு வைத்த முற்பணமும் பெரும்பாலும் சீட்டுக் காசாகவே இருந்தன. எந்த வங்கி முகாமையாளரும் நம்பாத மனிதரை, அவரது ஊரையும் அவரது மாமனையும் அறிந்த பத்தொன்பது பேர் நம்பினர். இந்நகரத்தின் எமது வணிகத் தெருக்களுக்கு அத்திவாரமிட்டதில் சீட்டுக்குப் பெரும் பங்குண்டு.

இது எமக்கு மட்டும் உரிய வழக்கமுமன்று. தொழிற்சாலையில் என்னோடு பொதி கட்டிய ஜமேக்காப் பெண்மணி ஒருவர் "பாட்னர்" என்ற பெயரில் இதனையே நடத்தினார். திரினிடாட் மக்கள் "சூசூ" என்பர். எத்தியோப்பியர் "எகூப்" என்பர். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1962இல் இத்தகைய சுழற்கடன் கழகங்களைப்பற்றி எழுதிய கட்டுரை அத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. கிராமியச் சமூகம் வணிகப் பொருளாதாரத்துக்குள் நுழையும்போது இவை இடைப்படியாக உதவுகின்றன என்பதும், வங்கிகள் வலுப்பெற்றதும் மெல்ல மறையும் என்பதும் அவரது எண்ணம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மறைந்ததாகத் தெரியவில்லை. வங்கிகள் ஐந்து நிற்கும் தெருச் சந்தியிலேயே எமது சீட்டும் நடக்கிறது.

ஆனால் சீட்டு என்ற ஒரே சொல்லால் நாம் இரு வேறு பொருட்களைக் குறிக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஊரில் நான் படிப்பித்த பாடசாலையில் ஆசிரியர் அறைச் சீட்டு ஒன்று இருந்தது. சம்பள நாளன்று பத்து ஆசிரியர்களும் ஆளுக்கு 300 ரூபா வைப்போம். பெயர்களைத் துண்டுகளில் எழுதி, வெறுமையான வெண்கட்டிப் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கி, ஒரு சிறு பிள்ளையை அழைத்து எடுக்கச் செய்வோம். பெயர் வந்தவருக்கு 3,000 ரூபாவும் முழுதாகக் கிடைக்கும். அவசரம் உள்ளவர் கேட்டால் முறையை மாற்றிக்கொள்வோம். அதில் வட்டி இல்லை, இலாபமும் இல்லை. முதலில் எடுப்பவர் சிறிது நன்மை அடைவார். கடைசியில் எடுப்பவர் பொறுமையைக் கற்றுக்கொள்வார். அது குலுக்குச் சீட்டு.

இங்கே பெரும்பாலும் நடப்பது கழிவுச் சீட்டு. அதில் அவசரத்துக்கு விலையுண்டு. அந்த விலை எவ்வளவு என்பதைப் பத்து, இருபது ஆண்டுகளாகச் சீட்டுக் கட்டுவோரிடம் கேட்டாலும் சரியான விடை கிடைப்பதில்லை. நான் கலைப் பட்டதாரி. கணிதம் எனக்குப் பிரியமான பாடமன்று. இருப்பினும் சீட்டு முறிந்த பின்னர் ஒரு கிழமை இருந்து, கொப்பியில் இதனைக் கணக்கிட்டுப் பார்த்தேன். வாசகர்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு என்னோடு வரவேண்டுகிறேன்.

மாதம் 500 டொலர், இருபது பேர், இருபது மாதம். மொத்தச் சீட்டு 10,000 டொலர். முதல் மாதச் சீட்டு தாச்சிக்கு. அவர் கழிவின்றி 10,000 டொலரையும் எடுத்துக்கொள்வார். இரண்டாம் மாதம் கூறப்படும். காசு தேவைப்பட்ட ஒருவர் 2,000 டொலர் கழித்து எடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் கைக்கு வருவது 8,000. கழிவாகிய 2,000 டொலரும் இருபது பேருக்கும் பகிரப்படுவதால், அம்மாதம் ஒவ்வொருவரும் 500க்குப் பதிலாக 400 கட்டினாற் போதும். அடுத்தடுத்த மாதங்களில் அவசரக்காரர் குறையக் கழிவும் குறையும். அது ஒரே சீராகக் குறைந்து, கடைசி மாதத்தில் கழிவே இல்லாமற் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

இருபது மாத முடிவில் ஒவ்வொருவரும் கட்டிய தொகையைக் கூட்டினால் 9,050 டொலர் வரும். முதலில் எடுத்தவரும் கடைசியில் எடுத்தவரும் கட்டுவது அதே 9,050தான். எடுப்பதில்தான் வேறுபாடு. இரண்டாம் மாதக்காரர் 8,000 எடுத்தார். பதினோராம் மாதக்காரர் 9,000 எடுத்தார். கடைசி மாதக்காரர் 10,000 எடுத்தார். தாச்சியும் 10,000 எடுத்தார்; அதனை முதல் நாளிலேயே எடுத்தார்.

இரண்டாம் மாதம் எடுத்தவர் என்ன நினைக்கிறார்? "எட்டாயிரம் எடுத்து ஒன்பதாயிரத்து ஐம்பது கட்டுகிறேன், ஆயிரத்துச் சொச்சம்தான் நட்டம், இருபது மாதத்துக்கு அது பெரிதல்ல" என்று நினைக்கிறார். உண்மையில் அவர் 8,000 டொலரைக் கடனாகப் பெறவில்லை. முதல் மாதம் கட்டிய 500ம், அந்த மாதம் கட்டிய 400ம் அவரது சொந்தக் காசு. பிறரிடமிருந்து பெற்றது 7,100 மட்டுமே. அதற்காகப் பின்வரும் பதினெட்டு மாதங்களில் அவர் 8,150 டொலர் திருப்பிக் கட்டுகிறார். அந்த 7,100ம் பதினெட்டு மாதமும் அவர் கையில் இருப்பதில்லை; மாதந்தோறும் கரைகிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அவர் கொடுக்கும் வட்டி ஆண்டுக்கு 17 வீதத்துக்குச் சற்று மேல். கடன் அட்டைகள் பல 19.99 வீதம் அறவிடுகின்றன. ஆகவே 2,000 டொலர் கழிவு கடன் அட்டையை விடச் சிறிது மலிவு. அவ்வளவே.

அதே இரண்டாம் மாதத்தில் 3,000 டொலர் கழித்து எடுத்தால் வட்டி ஏறத்தாழ 29 வீதம். 4,000 கழித்தால் 40 வீதத்தைத் தாண்டுகிறது. கனடாவின் குற்றவியற் சட்டத்தின்படி கடனுக்கு அறவிடக்கூடிய வட்டியின் எல்லை முன்னர் 60 வீதமாக இருந்தது; 2025 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து அது 35 வீதமாகக் குறைக்கப்பட்டது. அச்சட்டம் எமது சீட்டுக்குப் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணிகள் பார்த்துக்கொள்ளட்டும். 35 வீதத்தை இந்த நாடு குற்றத்தின் எல்லையாக வைத்திருக்க, நாமோ விருந்தினர் அறையில் தேநீர் அருந்தியபடி அந்த எல்லையைக் கடக்கிறோம். எடுத்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது.

கடைசியில் எடுப்பவரின் கணக்கு இனிமையானது. அவர் சிறிது சிறிதாக 9,050 கட்டி 10,000 எடுக்கிறார். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 13 வீத வட்டிக்குச் சமம். எந்த வங்கி வைப்பும் இதனைத் தராது. அதனாலேயே "அவசரமில்லை, கடைசிச் சீட்டை எடுப்பம்" என்று பலர் மூன்று நான்கு சீட்டுகளில் சேர்கின்றனர். ஆனால் அந்த வருமானம் எதற்கான கூலி என்று சிந்திப்பதில்லை. வங்கியில் இட்ட காசுக்குக் கனடா வைப்புக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் ஒரு வகை வைப்புக்கு 100,000 டொலர் வரை பொறுப்பு நிற்கிறது. சீட்டில் இட்ட காசுக்குப் பொறுப்பு நிற்பது தாச்சியின் முகம். நான் 13 வீதத்துக்கு ஆசைப்பட்டவள் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். கூட இருந்த அறுவரும் அவ்வாறே. ஏமாந்தோம் என்று சொல்லும்போது இந்தப் பாதியை நாம் சொல்வதில்லை.

இனித் தாச்சிக்கு வருவோம். எமது தாச்சியைக் கள்ளர் என்று சொல்ல என் மனம் இடந்தரவில்லை. பின்னர் தெரியவந்த கதை இது. ஆரம்பத்தில் சீட்டு எடுத்த மூவர் எட்டாம் ஒன்பதாம் மாதங்களில் கட்டுவதை நிறுத்திவிட்டனர். அவர்களில் ஒருவர் வீட்டுக் கடனில் அகப்பட்டவர். கனடா வங்கியின் அடிப்படை வட்டி 2022இன் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்து 2023 ஜூலையில் 5 வீதமாக உயர்ந்ததை வீடு வாங்கிய எவரும் மறந்திருக்க முடியாது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்த அவர், மாதக் கட்டணம் கட்டுவதற்காகவே பெருங்கழிவுக்குச் சீட்டை எடுத்தார். அது தீர்ந்ததும் இரண்டையும் கட்ட முடியாமற் போயிற்று. மற்ற இருவரின் காரணங்களை நான் அறியேன். ஒருவர் வீட்டுச் சாமத்தியச் சடங்கில் நானும் சாப்பிட்டேன், மண்டபம் பெரியது.

மூன்று பேர் கட்டாவிட்டால் மாதம் ஆயிரத்து ஐந்நூறு டொலர் வரையில் துண்டு விழும். முறைப்படி அதனைத் தாச்சிதான் இடவேண்டும். முதற் சீட்டைக் கழிவின்றி அவருக்கு விடுவது அதற்காகவே. எமது தாச்சி என்ன செய்தார்? இன்னொரு சீட்டைத் தொடங்கினார். புதிய சீட்டின் முதல் மாதப் பத்தாயிரமும் தாச்சிக்குத்தானே. அதனைக் கொண்டு பழைய சீட்டின் ஓட்டையை அடைத்தார். பின்னர் புதிய சீட்டின் மாதக் கட்டணமும் அவர் தலையில் ஏறியது. அதனை அடைக்க மூன்றாவது. மூன்றாவதற்கு ஆட்கள் சேரவில்லை. அன்றிரவுதான் அவர் பொதி கட்டியிருக்கவேண்டும்.

ஆகவே சீட்டில் சேருமுன் தாச்சி நல்லவரா என்று விசாரிப்பது போதாது. எமது தாச்சி நல்லவர். கோயிற் திருவிழாவில் அன்னதானத்துக்கு முன்நின்றவர். கேட்கவேண்டிய கேள்வி வேறு: "நீங்கள் இப்போது எத்தனை சீட்டு நடத்துகிறீர்கள்?" ஒன்றுக்கு மேற்பட்டது என்றால், ஏன் என்று கேட்கவேண்டும். இக்கேள்வியைக் கேட்பது மரியாதைக் குறைவு என்றே நாம் வளர்க்கப்பட்டுள்ளோம். மருத்துவரிடம் போனால் எத்தனை மருந்து குடிக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். அதனை நாம் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

எழுத்தின்மையும் எமது நோய்களில் ஒன்று. வாய்ச்சொல்லே போதும், அது எமது பண்பாடு என்று பெருமைப்படுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இலங்கையில் 1935ஆம் ஆண்டிலேயே சீட்டுகளை ஒழுங்குபடுத்துவதற்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கேரள மாநில அரசு 1969இல் தானே ஒரு நிறுவனத்தை அமைத்துச் சீட்டு நடத்தி வருகிறது. அங்கெல்லாம் சீட்டுக்கு உடன்படிக்கையும் பதிவும் கணக்குப் புத்தகமும் உண்டு. எழுத்து வேண்டாம் என்பது பழைய பண்பாடன்று. இங்கு வந்தபின் நாம் பழகிக்கொண்ட சோம்பல் அது.

இதன் விலையை நாம் நேரிற் கண்டோம். ஒன்ராறியோவில் இத்தகைய காசுக்காகச் சிறு உரிமைக் கோரல் நீதிமன்றத்தை நாடலாம். சீட்டு என்று கேட்டதும் நீதவான் சிரித்து அனுப்பிவிடுவார் என்று எமக்குள் ஒரு கட்டுக்கதை உலவுகிறது. அப்படியல்ல, காசு கைமாறியதற்கும் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டதற்கும் சான்று இருந்தால் அது ஒரு வழக்கே. ஆனால் பொதுவான காலவரையறை இரண்டு ஆண்டுகள். நாமோ அவரது தமையனோடு பேசினோம். கோயில் ஐயரைத் தூது விட்டோம். "பிள்ளையின் கலியாணம் முடியட்டும்" என்று காத்திருந்தோம். மரியாதை பார்த்துக்கொண்டிருக்க மாதங்கள் ஓடின. எழுவரில் இருவரே பதிவு செய்தோம். எங்கள் இருவரிடம் மட்டுமே திகதியிட்ட குறிப்பு இருந்தது. அந்த வழக்கு இன்னும் முடியாததால் அதனைப்பற்றி இங்கு எழுதுவது முறையாகாது.

சிறு தொழில் செய்வோருக்கு ஒரு சொல். வீடு திருத்தும் வேலை செய்கின்ற தம்பி ஒருவர், என் பழைய மாணவியின் கணவர், சென்ற சித்திரையில் ஒரு காகிதப் பையோடு என் வீட்டுக்கு வந்தார். பைக்குள் பற்றுச்சீட்டுகளும் வருமான வரித் திணைக்களத்தின் கடிதங்களும். வேலை நன்றாக நடக்கிறது. ஆட்களும் சரியாகக் காசு தருகிறார்கள். ஆனாலும் கையில் ஒன்றுமில்லை. இரண்டு மணித்தியாலம் பையைக் கொட்டி அடுக்கிய பின்னரே காரணம் தெரிந்தது. 10,000 டொலர் வேலைக்கு அவர் 13 வீத விற்பனை வரியையும் சேர்த்து 11,300 வாங்குகிறார். அந்த 1,300ம் அவருடையதன்று. அது அரசின் காசு, சில காலம் அவரது பெட்டியில் தங்கியிருக்கிறது. ஆனால் ஒரே வங்கிக் கணக்கில் எல்லாம் கிடந்ததால், அதனையும் தமது காசென எண்ணி இரண்டு சீட்டுக்கு மாதம் ஆயிரம் டொலர் கட்டி வந்திருக்கிறார். "சேமிக்கிறேன் ரீச்சர்" என்றார் பாவம். அவர் அரசின் காசைச் சேமித்துக்கொண்டிருந்தார். அது திருப்பிக் கேட்கப்பட்டபோது சீட்டை இரண்டாயிரத்து ஐந்நூறு கழித்து எடுக்கவேண்டி வந்தது.

தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் இவ்வரிக்குப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிந்தவர் இரண்டாவது வங்கிக் கணக்கொன்றைத் திறந்து, காசு வந்த அன்றே வரிப் பங்கை அதில் இட்டுவிடுவது நல்லது. இன்னொன்றையும் அந்தத் தம்பி அறிந்திருக்கவில்லை. சுயதொழில் செய்வோர் வருமானவரிப் படிவத்தை ஜூன் 15 வரை கொடுக்கலாம். ஆனால் கட்டவேண்டிய வரியை ஏப்ரல் 30இலேயே கட்டவேண்டும். இடைப்பட்ட நாட்களுக்கு வட்டி ஏறும். ஜூன் என்று நிம்மதியாக இருந்தவர்கள் எம்மில் ஏராளம்.

பிள்ளையின் படிப்புக்கென்று சீட்டுக் கட்டும் தாய்மாரைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அவர்கள் மீதன்று, அவர்களுக்கு இதுவரை சொல்லாத எம்மீது. பதிவுசெய்யப்பட்ட கல்விச் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 2,500 டொலர் இட்டால் மத்திய அரசு அதன்மேல் 500 டொலர் இடுகிறது. ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 டொலர் வரை இவ்வாறு கிடைக்கும். குறைந்த வருமானமுள்ள குடும்பமாயின், 2004இலோ அதன் பின்னரோ பிறந்த பிள்ளைக்குக் கற்றல் முறியாக 2,000 டொலர் வரை தரப்படும். அதற்குப் பெற்றோர் ஒரு சதமும் இடத் தேவையில்லை, கணக்கைத் திறந்து கேட்டாற் போதும். இட்ட அன்றே நூற்றுக்கு இருபது தரும் சீட்டை நான் இன்னும் காணவில்லை. மாதம் 500 டொலர் சீட்டுக் கட்டும் தாய், அதில் இருநூறைத் திருப்பி இந்தக் கணக்கில் இட்டால் ஆண்டு முடிவில் அரசின் பங்கில் மிகப் பெரும்பகுதி அவருக்கு வந்துவிடும்.

கடன் வரலாறும் அவ்வாறே. பத்து ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமற் சீட்டுக் கட்டிய ஒருவரின் நேர்மை ஈக்குவிபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் நிறுவனங்களின் ஏட்டில் ஒரு வரிகூட ஆவதில்லை. அதே மனிதர் ரெலிபோன் கட்டணத்தை மறந்து, அது அறவிடும் நிறுவனத்துக்குப் போனால், அது ஆறு ஆண்டுகள் அந்த ஏட்டில் நிற்கும். இது நீதியா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் சீட்டை மட்டும் நம்பி வாழ்பவர் அந்த ஏட்டில் என்றும் நேற்று வந்தவராகவே இருப்பார்.

இவ்வளவும் எழுதிய பின், சீட்டை விட்டுவிட்டாயா என்று என் மகள் கேட்டாள். இல்லை.

ஆசிரியர் அறைச் சீட்டைப்பற்றிச் சொன்னேனல்லவா. அதன் தாச்சி எமது கணித மாஸ்ரர். 1995இல் அச்சீட்டு நடந்துகொண்டிருந்தது; ஆறு பேர் எடுத்துவிட்டனர்; நால்வர் எஞ்சியிருந்தோம். ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை. யார் எங்கே போனார் என்று எவருக்கும் தெரியாது. சீட்டு என் நினைவிலேயே இல்லை. ஒரு மாதம் கழித்து, நாங்கள் ஒதுங்கியிருந்த சாவகச்சேரிப் பாடசாலை வாசலில் மாஸ்ரர் சைக்கிளோடு நின்றார். கைப்பையிலிருந்து பொலித்தீனிற் சுற்றிய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்தார். வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த பொருட்களுள் அதுவும் ஒன்று. பத்துப் பேரின் பெயரும், யார் எடுத்தது, யார் எடுக்கவேண்டியது என்பதும் மாதவாரியாக அதில் இருந்தன. எட்டுப் பேரைக் கண்டுபிடித்துவிட்டார். அவர்களில் ஏற்கெனவே எடுத்தவர்கள் கொப்பியைக் கண்டதும் மறுபேச்சின்றிக் கட்டினராம். என் பங்கு தைமாதம் கிடைத்தது. 3,000 ரூபா. பிள்ளைக்குப் பால்மாவும் எமக்கு மண்ணெண்ணெயும் வாங்கினோம். கூரைக்குக் கிடுகும் வாங்கினோம்.

மாஸ்ரரின் நேர்மையைப் புகழ்ந்து பலரிடம் இக்கதையை நான் முன்பு சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லும்போது கொப்பியைத்தான் அழுத்திச் சொல்கிறேன். மாஸ்ரர் எவ்வளவு நல்லவராயினும், அந்தக் கொப்பி இல்லாதிருந்தால் மழையில் நனைந்த பத்துப் பேருக்கும் பத்து விதமான ஞாபகம் இருந்திருக்கும்.

இவ்வாண்டு நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சீட்டுத் தொடங்கியுள்ளோம். குலுக்குச் சீட்டு, கழிவு இல்லை. மாதம் 200 டொலர். கொப்பியின் முதற் பக்கத்தில் பன்னிரண்டு பேரின் முழுப்பெயரும் முகவரியும் கையெழுத்தும் உள்ளன. ஒவ்வொரு மாதமும் எடுப்பவர் பெற்றுக்கொண்டதாக எழுதி ஒப்பமிடுகிறார். கட்டுவோர் காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ தருகின்றனர்; கைக்காசு வாங்குவதில்லை. கூட்டம் முடியும்வரை கொப்பி மேசையில் திறந்தபடியே கிடக்கும். அதன் படப்பிரதி எல்லோரிடமும் உண்டு. தாச்சி வேறு சீட்டு நடத்தக்கூடாது என்பதும் எழுதப்பட்டுள்ளது. தாச்சி நான்தான். முதற் சீட்டை நான் எடுக்கவில்லை. என் பெயரும் பெட்டிக்குள் போய் ஒன்பதாம் மாதத்துக்கு வந்திருக்கிறது.

வெளியில் கதைக்காதேங்கோ என்று சொன்ன அக்காவும் இதில் சேர்ந்துள்ளார். முதற் கூட்டத்தில் கையெழுத்திடுமுன் அவர் கொப்பியைத் தம் பக்கம் இழுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லா வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கால்மணி நேரம் சென்றது. எல்லோரும் காத்திருந்தோம், தேநீர் ஆறிப்போயிற்று.